முதல் இலை யாருக்கு?

எங்கள் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோயில் விழுந்து எழுந்தவர், தன்னைப் பிழைக்க வைத்தவருக்கு முதல் இலை போட்டுத் தன் கையால் பரிமாற வேண்டும். அப்புறம்தான் மற்றவர்களுக்குச் சோறு.

மாசிலாமணி வாத்தியார் டைஃபாய்டில் இருபது நாள் கிடந்து எழுந்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவர். மடத்தை நடத்தும் குருவம்மாவைவிட இருபத்தைந்து வயது மூத்தவர், ஆனாலும் அவருக்குச் சீடர். பெண்டாட்டி, பிள்ளை என்று யாரும் கிடையாது.

இலையைக் கையில் வைத்துக்கொண்டு பந்தியில் நின்றார் மனுஷர். கஞ்சி வைத்தது ஒருத்தர், ஆட்டோ பிடித்து வந்தது ஒருத்தர், வேட்டி துவைத்தது வேறொருத்தர். மாத்திரையை ஞாபகப்படுத்திவிட்டுப் போனவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்போம். எல்லாம் ஒரு நிமிஷம், அரை நிமிஷ வேலை. யாருக்கென்று போடுவார், பாவம்!

இலையை மடித்து வைத்துவிட்டு, கூடத்தின் கோடியில் இருந்த குருவம்மாவிடம் போனார். நாற்பது பேரும் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தோம். மடத்தைவிட்டே கிளம்புவதாகச் சொன்னார்.

"எனக்குன்னு உசுரைக் கொடுத்துப் பார்த்தவங்க ஒருத்தர்கூட இல்லம்மா. இருந்தா இந்த இலையைப் போட்டிருக்க மாட்டேனா?"

ஜன்னலுக்கு மாட்ட வந்திருந்த கண்ணாடிகளில் இரண்டை அம்மா எடுத்தார். ஒன்றின்மேல் தண்ணீர் தெளித்து, மற்றதை அதன்மேல் வைத்து அழுத்தி, நேராக இழுத்துப் பிரிக்கச் சொன்னார். வாத்தியார் மூச்சைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இளைத்த கை ஆயிற்றே என்று நானும் வாங்கி இழுத்துப் பார்த்தேன். ம்ஹூம்.

ஏன் வரவில்லை என்று அம்மா கேட்டதுதான் தாமதம், வாத்தியார் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கின்றன, கண்ணாடியையும் இழுக்கின்றன என்றார். ஒவ்வொன்றின் இழுவையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லையாம். கண்ணிமைக்கும் முன்னே அறுந்துபோகுமாம். அறுந்தது உடனே பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளுமாம்.

"தனியா எதுக்கும் பலம் கிடையாதும்மா. ஆனா அத்தனையும் சேர்ந்து..."

அதோடு நிறுத்திவிட்டார். எங்கள் பக்கம் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. கை தானாகக் குவிந்தது.

இலைக்கட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார் அம்மா.

"ஒரு ஓரத்துல இருந்து போட்டுக்கிட்டே வாங்க, வாத்தியாரே. யார்கிட்ட ஆரம்பிச்சாலும் அது முதல் இலைதான்."