சோப்பு உறை

திருநெல்வேலியிலிருந்து பாங்காக் போன சுற்றுலாக் குழுவுக்கு மேலாளர் குணசீலன். கூடவே போன சமையல்காரர் சுடலைமுத்து. ஆனால் எந்தச் செருப்பு தோதுப்படும், தண்ணீரை எங்கே வாங்கலாம் என்று பயணிகள் கேட்டதெல்லாம் சமையல்காரரிடம்தான். "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று அவர்கள் கூப்பிடக் கூப்பிட, குணசீலனுக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் கடைத்தெருவில் எல்லோருக்கும் வழி தப்பிவிட்டது. குணசீலன் ஓட்டல் பேரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகச் சொன்னாலும் வாடகை வேன்காரர்கள் புரியாமல் சிரித்தார்கள். எரிச்சல் சமையல்காரர் மேல் திரும்பியது.

"நீர்தான் எல்லாம் தெரிஞ்ச அண்ணாச்சியாச்சே! ஒரு வார்த்தை பேசாம எங்களை ஓட்டல்ல கொண்டு சேரும் பார்ப்போம். முடியலேன்னா அடுத்த டூருக்கு வேற ஆள்."

சுடலைமுத்து வாயே திறக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஓட்டல் சோப்பின் காகித உறையை எடுத்து நீட்டினார். பேரும் முகவரியும் அந்த ஊர் எழுத்திலேயே அச்சாகியிருந்தன. வேன்காரர் கதவைத் திறந்துவிட்டார்.

"இதெல்லாம் ஒரு வித்தையா?" என்றார் குணசீலன், ஓட்டல் வாசலில் இறங்கியதும்.

மறுநாள் புத்தர் கோயிலுக்குப் போகும் வழியில் திடீர் மழை. எல்லோரும் தொப்பலாக நனைந்தார்கள். சுடலைமுத்து குணசீலனின் காதருகே குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார்:

"சார், உறை மட்டும் போதுமே. உங்க சட்டைப்பையில நுரை பொங்குது."