திரையில் விளைந்த கிழங்கு

ஆறு வளைத்துப் போகும் ஒரு காட்டில் விலங்குகள் சேர்ந்து ஓர் உணவுச் சங்கம் நடத்தின. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் ஆறு பெருகிவிடும். அறுபது நாள் யாரும் இரை தேடிப் போக முடியாது. அதனால் வெயில் நாட்களிலேயே கிழங்கு தோண்டி ஒரு குகையில் சேர்த்து வைக்கும். மழை வரும்வரை அதைத் தொடக் கூடாது என்பது விதி.

சங்கத் தலைவர் கரடி. யாராவது நல்ல செய்தி சொன்னால் போதும், அதற்கு உச்சி குளிர்ந்துவிடும். கிடங்கைப் பார்த்துக்கொண்டது முள்ளம்பன்றி. ஒரு கிழங்கு குறைந்தாலும் அதற்குத் தெரியும்.

முன்பெல்லாம் ஆண்டுத் திட்டத்தை வாழையிலையில் எழுதுவது வழக்கம். போன ஆண்டு அதில் நான்கு பக்கத்தை மான் தின்றுவிட்டது. கேட்டதற்கு, "பசித்தது" என்றது.

ஆகவே இந்த ஆண்டு சங்கம் ஒரு கணினி வாங்கியது. அதில் திட்டமிடும் மென்பொருள் இருந்தது. கிடங்கில் இருப்பது எவ்வளவு, தினம் வருவது எவ்வளவு, தினம் தின்பது எவ்வளவு என்று கொடுத்தால், உணவு எத்தனை நாள் தாங்கும் என்று கோடு போட்டுக் காட்டும். போதுமென்றால் பச்சைக் கோடு, போதாதென்றால் சிவப்பு.

விரல் நீளம் என்பதால் தட்டச்சு வேலை குரங்குக்குக் கிடைத்தது.

"இருப்பு முந்நூறு கூடை. தினம் இருபது கூடை வருகிறது. மழைக்கு இன்னும் நாற்பது நாள். மழையில் தினம் இருபது கூடை தின்போம்" என்று முள்ளம்பன்றி சொல்லச் சொல்ல, குரங்கு தட்டியது.

ஐம்பத்தைந்து நாளில் கோடு சிவந்து நின்றது.

"ஐந்து நாளைக்குக் குறைகிறது" என்றது முள்ளம்பன்றி. கரடியின் முகம் வாடிவிட்டது.

திரையின் ஓரத்தில் 'இப்படியானால்?' என்று ஒரு பொத்தான் இருந்தது. குரங்கு அதை அழுத்தியது.

"தினம் நாற்பது கூடை வந்தால்?"

கோடு சட்டென்று பச்சையாகி மேலே ஏறியது. எல்லா விலங்குகளும் வாயைப் பிளந்தன.

"நானூறு போடு" என்றது யானை.

"நானூறு கூடையை யார் கொண்டுவருவார்?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"கணினியே அதைக் கேட்கவில்லை, நீ ஏன் கேட்கிறாய்?" என்றது குரங்கு. நானூறு என்று தட்டியது. கோடு திரையைத் தாண்டிப் போய்விட்டது.

"பதினாறாயிரத்து முந்நூறு கூடை. எண்ணூற்றுப் பதினைந்து நாளைக்கு வரும்" என்று கரடி தழுதழுத்த குரலில் வாசித்தது. யானையின் காலைக் கட்டிக்கொண்டு அழுதது. முயல் குட்டிக்கரணம் போட்டு மரத்தில் முட்டிக்கொண்டது. அன்று மாலையே யானைக்குச் 'சிறந்த உழைப்பாளி' என்று மாலை போட்டது கரடி.

"இரண்டு வருஷச் சோறு இருக்கும்போது மண்ணைத் தோண்டுவானேன்?" என்று எல்லாம் வேலையை நிறுத்தின. கிடங்கைத் திறந்து தினமும் விருந்து. தின்றுவிட்டு ஆட்டம், ஆடிவிட்டு மறுபடி தீனி.

பத்து நாள் போயிற்று.

"கரடியாரே, கிடங்கில் நூறு கூடைதான் இருக்கிறது" என்றது முள்ளம்பன்றி.

"திரையில் பதினாறாயிரம் இருக்கிறதே."

"அது நாம் ஆசைப்பட்டது."

"உனக்கு எண்ணத் தெரியவில்லை. நாளைக்குப் பெரிய விருந்து வை" என்றது கரடி.

முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. ஆனாலும், "வைக்கிறேன்" என்றது.

மறுநாள் எல்லாருக்கும் இலை போட்டாயிற்று. நடுவில் கணினி மட்டும் இருந்தது.

"யானையாரே, உமக்கு இருநூறு கூடை. அந்தப் பச்சைக் கோட்டில் எடுத்துக்கொள்ளும்" என்றது முள்ளம்பன்றி.

ஏதோ புது விளையாட்டு என்று யானை துதிக்கையால் திரையைத் தடவியது. பிறகு நாக்கால் நக்கிப் பார்த்தது.

"எப்படி இருக்கிறது?"

"வழுவழுப்பாக இருக்கிறது. உப்பில்லை."

"குரங்கே, விளைவித்தவன் நீ. கோட்டின் நுனியில் இருக்கும் இளங்கிழங்கு உனக்கு."

குரங்கு எட்டிப் பார்த்தது. கணினிக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தது. ஒயர்தான் இருந்தது. எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன.

இலைகள் வெறுமையாகவே கிடந்தன. வெயில் ஏறியது. யானையின் வயிறு இடி போல உறுமியது. முயலின் குட்டிகள் அழத் தொடங்கின. சிரிப்பு நின்றது.

கரடி மெல்ல எழுந்து கிடங்குக்குப் போனது. பாதிக்கு மேல் வெறும் பாறையாக இருந்த குகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

"உள்ளதை உள்ளபடி போடு" என்றது குரங்கிடம்.

இருப்பு நூறு, வரவு இருபது, மீதி முப்பது நாள். முப்பத்தைந்து நாளில் கோடு சிவந்து நின்றது.

"இருபத்தைந்து நாள் பட்டினி" என்றது கரடி.

குரங்கு தயங்கித் தயங்கி முள்ளம்பன்றியிடம், "அந்தப் பொத்தானை இப்போது அழுத்தலாமா, அக்கா?" என்று கேட்டது.

"அழுத்து. யார் செய்வது என்பதையும் சேர்த்துக் கேள்" என்றது முள்ளம்பன்றி.

"தினம் முப்பத்தேழு கூடை வந்தால் பச்சையாகிறது. வழக்கமான இருபது போக இன்னும் பதினேழு வேண்டும்" என்றது குரங்கு.

"பத்து நான்" என்றது யானை.

"ஐந்து நான்" என்றது கரடி.

"இரண்டு நாங்கள்" என்றன முயல்கள்.

அப்போதே மண்வெட்டும் சத்தம் கேட்டது. முள்ளம்பன்றி எண்ணிய பிறகுதான் குரங்கு தட்டும். ஒருநாள் யானை ஒன்பது கூடை கொண்டுவந்து, "பத்தென்று போட்டுக்கொள்" என்று குழைந்தது. குரங்கு திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒன்பது என்று தட்டியது.

முப்பத்தொன்றாம் நாள் மழை பிடித்தது. அறுபது நாள் கொட்டித் தீர்த்து ஆறு வடிந்தபோது, கிடங்கில் ஒன்பது கூடை மிச்சம் இருந்தது. ஒரு குட்டிகூட ஒரு வேளை பட்டினி கிடக்கவில்லை.

நீதி: ஆசையைக் கணக்கில் எழுதினால் திட்டம் ஏமாற்றும், உள்ளதை எழுதி உழைத்தால் அதே திட்டம் காப்பாற்றும்.