வரதப்ப வைத்தியரின் நாக்கு

அந்தக் காலத்தில் எங்கள் மலையடிவாரச் சந்தையில் எந்த மூலிகையை விற்கலாம் என்பதை வரதப்ப வைத்தியரின் நாக்குதான் தீர்மானிக்கும். அவர் மென்று பார்த்துத் தலையசைத்த பிறகுதான் கடை விரிக்கலாம்.

ஒருநாள் குப்பாயி மலையிலிருந்து ஒரு சுமை சிறுகுறிஞ்சான் இலையோடு இறங்கி வந்தாள். நீரிழிவுக்கு அதைப் பொடித்துச் சாப்பிடுவார்கள்.

“வெறும் தழை! சக்தி இருந்தா இங்கேயே, இப்பவே காட்டு. இல்லேன்னா இனிமே சந்தைப் பக்கம் வராதே” என்றார் வைத்தியர்.

“நாலு இலையை நல்லா மென்னு துப்புங்க சாமி.”

மென்றவர் முகம் சுளித்தார். “கசக்குது. வேறென்ன?”

“கசப்புக்கு இதைப் போட்டுக்குங்க” என்று வெல்லக்கட்டியை உடைத்து ஒரு பாதியை நீட்டினாள்.

வாயில் போட்டதும் வைத்தியர் கத்தினார். “ஏய், மண்ணையா குடுக்கறே?”

மறுபாதியைப் பக்கத்துப் புளிக்கடைக்காரர் வாங்கிச் சுவைத்தார். “நல்ல வெல்லம்தானே வைத்தியரே!”

சந்தையே சிரித்தது. குப்பாயி சாக்கை விரித்து இலையைக் கொட்டினாள்.

“இந்த இலை மழுக்கின இனிப்பு ருசி கொஞ்ச நேரத்துல திரும்பிடும் சாமி. அதுவரைக்கும் யார் சரக்கையும் தள்ளிடாதீங்க.”

இப்போது சர்க்கரைக்கு மாத்திரை விழுங்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு காதில் கேட்கிறது. அன்று நானும் சிரித்தேன். அவளிடம் ஒரு பிடி இலை வாங்கினேனா என்பதுதான் நினைவில் இல்லை.