மிஞ்சிய வாஷர்

“ஒரு வேலை முடிஞ்சிட்டுன்னு எப்பிடி மேடம் தெரியும்?” என்று கேட்டார் கொம்பையா.

எங்கள் பயிற்சியாளர் ஜெசிந்தா மேடம் மூலையில் கிடந்த உப்புத்தண்ணீர் பம்பைக் கையால் காட்டினார்.

“இதைக் கழத்தி, கழுவி, மறுபடி மாட்டுங்க அண்ணாச்சி. அஞ்சு மணிச் சங்குக்குள்ள ஓடணும். இதான் உங்களுக்குப் பரீட்சை.”

தூத்துக்குடிப் பக்கம் ஒரு ரசாயன ஆலை. அதன் பயிற்சி ஷெட்டில் நாங்கள் இயந்திரப் பராமரிப்பு பழகிய காலம் அது. இப்போது அந்த ஷெட் வெறும் குடோன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கிரீஸ் வாசனைக்கு என் மூக்கு ஏங்கும். கையெல்லாம் கரி, பங்கு போட்டுத் தின்ற பருப்பு வடை, ஓயாத கேலி. அதைப் போல ஒரு காலம் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

மேடம் எங்களில் பாதிப் பேரை விட வயதில் சின்னவர். கொம்பையா அண்ணாச்சியோ நாற்பதை நெருங்கியவர், அதே ஆலையில் மூட்டை தூக்கியவர். முதுகு போனதால் எங்களோடு வந்து சேர்ந்தார். தேறினால் மெக்கானிக். தவறினால் மறுபடியும் மூட்டை. அந்த முதுகு அதைத் தாங்காது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் முறை மறுநாள்தான். அதனால் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம்.

“மெதுவா அண்ணாச்சி, பம்புக்கு வலிச்சிரப்போவுது!”

அவர் காதில் வாங்கவில்லை. கழற்றினார். ஒவ்வொன்றையும் தட்டில் வைத்தார். மண்ணெண்ணெயில் கழுவினார். மாட்டினார்.

நாலரை மணிக்குப் பம்பு ஓடியது. தண்ணீர் கொட்டியது. அதிர்வு இல்லை, ஒழுகல் இல்லை. நாங்கள் கை தட்டினோம்.

மேடம் தன் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கொம்பையா தட்டைத் துடைக்கப் போனார். பழந்துணிக்கு அடியில் ஒரு வாஷர் கிடந்தது. சட்டைப் பொத்தான் அளவு இரும்பு வளையம்.

கை தட்டல் நின்றுவிட்டது.

“பையில போடுங்க அண்ணாச்சி,” என்றான் எங்களில் ஒருவனான சகாயம்.

“உள்ள எங்கயோ போட மறந்திருக்கேன்டே.”

“பம்பு ஓடுதுல்லா?”

“ஓடுது.”

“பெறகென்ன? மேடம் பாக்கல.”

கொம்பையா பம்பைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு போய் சுவிட்சை அணைத்தார்.

“ஐயோ, கெடுத்தீயளே!” என்று சகாயம் தலையில் கை வைத்தான்.

அவர் ஸ்பானரை எடுத்து, மாட்டியதையெல்லாம் மறுபடி கழற்றத் தொடங்கினார்.

சங்கு ஊதியபோது பம்பு பாகம் பாகமாகத் தரையில் கிடந்தது.

மேடம் வந்தார்.

“ஓடிட்டு இருந்ததே அண்ணாச்சி. எதுக்குத் தொறந்தீங்க?”

“வாஷர் ஒண்ணு மிஞ்சிட்டு மேடம்.”

“உள்ள எங்கயும் கொறையுதா?”

“இல்ல. எல்லாம் அதது எடத்துல இருக்கு. இது எங்க உள்ளதுன்னே புரியல.”

“அது என் மேசையில கெடந்தது. மத்தியானம் நீங்க சாப்பிடப் போனப்ப நான்தான் உங்க தட்டுல போட்டேன்.”

கொம்பையா எழுந்தார். அவர் கோபப்பட்டு நாங்கள் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

“எம் பொழப்புல வெளையாடிட்டீயளே! நான் நல்லாத்தான மாட்டியிருந்தேன்?”

“நல்லாத்தான் மாட்டியிருந்தீங்க.”

“அது எனக்கு எப்பிடித் தெரியும்? தெரியாம எப்பிடி விட்டுட்டுப் போவேன்? நாளைக்கு ஒருத்தன் என்னைய நம்பி சுவிட்ச போடுவாம்லா!”

மேடம் விளக்கை எடுத்து, பம்பின் மேல் வெளிச்சம் விழும்படி வைத்துவிட்டு வெளியே போனார்.

கொம்பையா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மறுபடி மாட்ட முதல் போல்ட்டை எடுத்தார்.

“சங்கு ஊதியாச்சு, வாங்க அண்ணாச்சி,” என்று கூப்பிட்டோம். அவர் நிமிரவே இல்லை. எங்களுக்கும் போக மனம் வரவில்லை. வாசலில் நின்றோம்.

காவலாளி சாவிக்கொத்தோடு வந்தார்.

“பரீட்சை முடிஞ்சிட்டுல்லா மேடம்? பூட்டிரலாமா?”

“இருங்க,” என்றார் மேடம். “உள்ள மெக்கானிக் இருக்காரு.”