நாற்பத்திரண்டு பொருள்

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தீட்சை கேட்டு வருகிறவருக்கு ஒரு சொல்லைக் கொடுப்பார்கள். அதன் பொருளையும், அதை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியத்தையும் பத்தாம் நாள் அவர் சொல்ல வேண்டும். முடியாதவர் வீட்டுக்குப் போய்விட்டு அடுத்த வருடம் வரலாம்.

மாசிலாமணிக்கு வாய்த்த சொல் 'சிந்தித்தல்'. தாலுகா ஆபீசில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர். எந்தக் கோப்பையும் அரைகுறையாக மேலே அனுப்பாதவர். மடத்து அகராதிகளை எல்லாம் புரட்டி நாற்பத்திரண்டு பொருள் சேர்த்துவிட்டார். வாக்கியம்தான் அமையவில்லை. எழுதியதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருந்தது. இந்த வயதில் தோற்றுப்போய்த் திரும்புவதா என்று மறுபடியும் அகராதியைத் திறந்தார்.

பத்தாம் நாள் காலை குரு வடிவாம்பிகை அம்மையின் முன் நோட்டைப் பிரித்தார். அம்மைக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. நாற்பத்திரண்டையும் பொறுமையாகக் கேட்டார். கடைசிப் பக்கத்தைப் புரட்டும்போது ஒரு கடிதம் நழுவி விழுந்தது.

யாருடையது என்று அம்மை கேட்டார். பக்கத்துக்கு அடையாளம் வைத்த காகிதம் என்று மழுப்பிப் பார்த்தார் மாசிலாமணி. அம்மை விடவில்லை. தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு போன மகள் அரசி எழுதியது, தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறாள், இன்ன ஊரில் இருக்கிறாள், கைக்குக் கிடைத்து ஒன்பது நாளாகிறது என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

"பதில் போட்டீர்களா, ஐயா?"

"இல்லை, அம்மா."

"நேரமில்லையோ?"

"ஒரு வரி எழுத என்ன நேரம் வேண்டும்? வா என்றால், நாலு வருடம் நான் பேசாமல் இருந்ததற்கு என்ன அர்த்தம்? வராதே என்றால் அவள் எங்கே போவாள்? சோறு இறங்கவில்லை, அம்மா. ஒன்பது நாளாக அதையேதான் சிந்தித்துக்கொண்டிருக்கிறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கு உறைத்தது. நோட்டை மெல்ல மூடினார்.

"சிந்தித்து?" என்றார் அம்மை.

"வரச் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே தெரியும். ஒத்துக்கொள்ளத்தான் இத்தனை நாள் ஆயிற்று."

இதைச் சொன்னதும் நெஞ்சிலிருந்த பாறாங்கல்லை இறக்கி வைத்தது போலிருந்தது. கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. அப்படியே ஆபீஸ் புத்தியும் திரும்பி வந்தது.

"அப்படியானால் நான் தேறிவிட்டேனா, அம்மா? தீட்சை எப்போது?"

"தீட்சை எங்கேயும் போய்விடாது. நீங்கள் இன்னும் சிந்தித்து முடிக்கவில்லை, ஐயா. மகள் ஊருக்குப் பதினொரு மணிக்கு பஸ் இருக்கிறது."