வகரம் முதலில் வந்த பட்டியல்

நூலக மென்பொருள் விற்கும் ஞானசௌந்தரியின் சிறு நிறுவனத்துக்கு வாடிக்கையாளராக ஒரே ஒரு பல்கலைக்கழகம்தான் மிச்சம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாவிட்டால் நிறுவனத்தை மூட வேண்டியதுதான்.

துணைவேந்தர் வைகுண்டநாதன் பதினாறு நூல்கள் எழுதியவர். நூலகக் குழுவின் முன்னால் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "ஆசிரியர் பட்டியலைத் திறந்தா என் பேருதான் முதல்ல வரணும். அகரவரிசையும் மாறக் கூடாது. முடியாதுன்னா சொல்லிடும்மா, இலவசமாவே மென்பொருள் தர ஆள் இருக்கு."

வடவெழுத்துகளை விட்டால், தமிழில் வகரத்துக்குப் பின் சொல்லைத் தொடங்க எழுத்தே கிடையாது. குழுவினர் தலைகுனிந்து மேசையைப் பார்த்தார்கள்.

"முடியும் ஐயா," என்றாள் ஞானசௌந்தரி. "அகரவரிசையைத் தொடவே வேண்டாம். இன்னொரு பட்டியல்ல நீங்க ஏற்கெனவே முதல்லதான் இருக்கீங்க. திரையில போடட்டுமா?"

"போடும்மா, எல்லாரும் பார்க்கட்டும்."

தலைப்பு திரையில் வந்தது: 'இதுவரை ஒருவரும் இரவல் வாங்காத நூல்கள்: அதிகம் எழுதிய ஆசிரியர் முதலில்.' அதன்கீழ் முதல் பெயர் வைகுண்டநாதன். நூல்கள், பதினாறு.

யாரும் சிரிக்கவில்லை.

"இதையே முகப்புல வச்சிடட்டுமா ஐயா?" என்று பணிவோடு கேட்டாள் ஞானசௌந்தரி.

"எதுக்கும்மா? அகரவரிசைக்கு என்ன குறைச்சல்?" என்றபடி துணைவேந்தர் பேனாவைத் திறந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

அகரம் தன் இடத்தை விட்டு நகரவில்லை, ஞானசௌந்தரியின் நிறுவனமும்தான்.