நூற்றுநான்கு துடிப்பு

மருதாம்பிகை அம்மையாருக்கு வயது நாற்பது. அவருடைய சீடர் தணிகாசலத்துக்கு அறுபத்தொன்று. ஓர் ஆலையில் முப்பது வருஷம் பாய்லரின் பிரஷர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். "இந்தப் படபடப்பு குறையாவிட்டால் இதயம் தாங்காது" என்று டாக்டர் எச்சரித்ததும், அமைதி கற்க அம்மையாரின் மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

வந்த மனிதர் சும்மா இருப்பாரா?

மூன்று விரல் வைத்து நாடி பார்க்கவேண்டும் என்று அம்மையார் சொல்லிக்கொடுத்திருந்தார். தணிகாசலத்துக்கு அது சரிப்படவில்லை. கட்டைவிரலை நன்றாக அழுத்தினால் துடிப்பு பளிச்சென்று தெரிந்தது. அன்று காலையிலிருந்து கடிகாரமும் கையுமாக மடம் முழுக்க அலைந்தார்.

சமையல்காரி கோமளத்துக்கு நூற்றுநான்கு. ஆட்டுக்கு நூற்றுநான்கு. பசுவின் வாலைத் தூக்கி அடியில் விரலை அழுத்தினார். அது ஓர் உதை விட்டது. இருந்தும் விடவில்லை, அதற்கும் நூற்றுநான்கு.

"அத்தனை பேருக்கும் டென்ஷன்!" என்று அலறி, கோமளத்தை அடுப்படியிலேயே பாய் விரித்துப் படுக்க வைத்தார். பசுவைக் கறக்கக் கூடாது என்று தடை போட்டார். பதினொரு மணி வரை மடத்தில் யாருக்கும் காபி இல்லை. அப்போதுதான் நிஜமாகவே சிலருக்கு டென்ஷன் வந்தது.

கடைசியாக, அடுப்படிக்கு வந்த அம்மையாரின் கையைப் பிடித்துப் பார்த்தார். தணிகாசலத்தின் முகம் செத்துப்போயிற்று.

"அம்மா, உங்களுக்கும் நூத்திநாலு."

"அப்படியா?"

"உங்ககிட்ட அமைதி கத்துக்கலாம்னு வந்தேன். உங்களுக்கே இல்லையே! பன்னெண்டு மணி பஸ்ஸுக்கு நான் கிளம்பறேன்."

சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. போவதற்கு வேறு இடம் எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

"போங்க ஐயா. போறதுக்கு முன்னாடி இதையும் ஒரு தடவை பார்த்துடுங்க."

அம்மையார் அடுப்படி மூலையில் கிடந்த பூசணிக்காயை அவர் பக்கம் உருட்டிவிட்டார்.

குருவின் சொல்லை முகத்துக்கு நேரே தட்டத் தணிகாசலத்துக்கு மனம் வரவில்லை. காம்புக்குப் பக்கத்தில் கட்டைவிரலை அழுத்தி, கடிகாரத்தைப் பார்த்து உதடசைய எண்ணினார்.

"நூத்தி... நாலு."

பாயில் கிடந்த கோமளம் எழுந்து உட்கார்ந்தாள். "ஐயோ பாவம், அதுக்குமா?"

தணிகாசலம் பூசணிக்காயைப் பார்த்தார். தன் கட்டைவிரலைப் பார்த்தார். விரல்தான் துடித்துக்கொண்டிருந்தது.

"அப்போ, அந்தப் பசு..." என்று ஆரம்பித்தார். வெட்கத்தில் காது சிவந்துவிட்டது. வாசலில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை.

அம்மையார் பூசணிக்காயைத் தூக்கி அவர் மடியில் வைத்தார்.

"அவசரமில்லை ஐயா. இது எழுபதுக்கு இறங்கினதும் சொல்லுங்க, குழம்பு வைக்கலாம்."